அயராத நடையாளர் கோர்மோவின் தட்டைப் பாதங்கள்

ஒரு காலாட்படை ஜெனரலின் வாழ்க்கையை எழுதப் புகுகிறவன் அவருடைய வீரத்திலிருந்து தொடங்குவதுதான் முறை. எவாரிஸ்த் கோர்மோவின் விஷயத்தில் பாதத்திலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது. வீரம் எவ்வளவு இருந்தது என்று பார்க்கும் வாய்ப்பு பிரான்சுக்குக் கிடைக்கவில்லை. பாதம் இருந்தது, அதுவும் தட்டையாக இருந்தது. ஈரத் தரையில் நாம் கால் வைத்தால் நடுவில் ஒரு வளைவு விடுபட்டுப் போகும். அவர் வைத்தால் ரொட்டிக்காரன் பலகையை வைத்து எடுத்த மாதிரி முழுசாகப் பதியும்.

இப்படிப்பட்ட பாதத்தைக் காலாட்படை வாசலிலேயே திருப்பி அனுப்பியிருக்க வேண்டும். ஆனால் ராணுவப் பள்ளியில் அவரைச் சோதித்த மருத்துவர் அன்று மதியம் நன்றாகச் சாப்பிட்டிருந்தார். பல்லைப் பார்த்தார், மார்பைத் தட்டினார். அதற்குக் கீழே குனிய அன்று அவருக்கு மனமில்லை. எங்கள் ஊரான வோப்ரெசியில் நோட்டரி மகன் நோட்டரி ஆவான், ஆலைக்காரர் மகன் ஆலைக்குப் போவான், போஸ்ட்மாஸ்டர் மகனுக்கு ஒன்றும் இல்லாததால் பட்டாளம். கோர்மோ போஸ்ட்மாஸ்டர் மகன்.

ஆயிரத்து எண்ணூற்று எழுபதாம் ஆண்டுப் போரில் ஜெர்மானியர்கள் எங்கள் கடைத்தெரு வழியாக அணிவகுத்துப் போனபோது, இருபது வயதுக் கோர்மோ பள்ளியின் மருத்துவ அறையில் பொன்னுக்கு வீங்கியோடு, தாடையைச் சுற்றித் துணி கட்டிக்கொண்டு படுத்திருந்தார். போர் முடிந்தது, வீக்கமும் வடிந்தது. அதன்பிறகு அவருடைய பணிக்காலம் முழுவதும் ஐரோப்பா அமைதியாக இருந்தது. இரண்டுக்கும் தொடர்பு உண்டென்று அவர் ஒருநாளும் சொல்லிக்கொண்டதில்லை.

எழுபத்திரண்டில் புத்தம்புது லெப்டினன்டாக எங்கள் ஊர் முகாமில் அவர் போய்ச் சேர்ந்த கம்பெனிக்குத் தலைவர் கேப்டன் ஃபுல்க்ரான். மீசை நரைத்தவர், தோற்ற போரை எண்ணி எண்ணிப் பல்லைக் கடிப்பவர். அவருடைய அண்ணனுக்குப் பதினான்கு கிலோமீட்டர் தள்ளி ஒரு மாவு ஆலை இருந்தது. ஆலையில் ஒர்த்தான்ஸ் என்று ஒரு மகள் இருந்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தப் பாதையில் கோச் வண்டி ஓடாது. ஞாயிற்றுக்கிழமைகளில்தான் லெப்டினன்டுகளுக்கு விடுமுறை. மீதியைப் பாதங்கள் பார்த்துக்கொள்ள வேண்டியதாயிற்று.

ஏழாவது ஞாயிறு மாலை, திரும்பி வரும் வழியில், குதிரையில் எதிரே வந்த கேப்டனிடம் அவர் வசமாக மாட்டிக்கொண்டார்.

"என்னப்பா கோர்மோ, உடம்பெல்லாம் புழுதியா இருக்கு. எங்கேருந்து வர்றே?"

"நடந்து பழகறேன், கேப்டன்."

"எவ்வளவு தூரம்?"

"போக வர இருபத்தெட்டு கிலோமீட்டர்."

"பழகச் சொல்லி யார் உத்தரவு போட்டது?"

"உத்தரவு ஒண்ணும் இல்லை, கேப்டன். மனசு கேக்கலை."

கேப்டன் ஃபுல்க்ரான் தொப்பியைக் கழற்றிவிட்டுச் சற்று நேரம் கிழக்கே பார்த்தார். ஜெர்மன் எல்லை அந்தப் பக்கம்தான் இருந்தது. ஆலையும் அந்தப் பக்கம்தான் என்பது அவருக்குத் தோன்றவில்லை. அந்த ஆண்டு கோர்மோவைப் பற்றிய ரகசியக் குறிப்பில் அவர் இரண்டே சொல் எழுதினார்: "அயராத நடையாளர்."

எங்கள் ராணுவத்தில் ஒவ்வொரு அதிகாரியைப் பற்றியும் அவருக்கு மேலிருப்பவர் ஆண்டுக்கு ஒருமுறை குறிப்பு எழுதியாக வேண்டும். புதிதாக எழுத வேண்டுமென்றால் அந்த ஆளைப் பார்க்க வேண்டும். போன ஆண்டுக் குறிப்பைப் பார்த்தால் ஆளைப் பார்க்க வேண்டியதில்லை. அடுத்த கேப்டன் அதையே எழுதினார். அவருக்கு அடுத்தவர் கையெழுத்து மட்டும் அழகாக எழுதினார். அயராத நடையாளர் ஒருவர் இருக்கிறார் என்று கேள்விப்பட்ட தலைமையகம் அவரை ஆல்ப்ஸ் மலை மேல் இரண்டு ஆண்டு ஏற்றி இறக்கியது. பிறகு அல்ஜீரியாவின் மணலில் மூன்று ஆண்டு நடத்தியது. அங்கேதான் இடது காலில் ஆணி விழுந்தது.

கோர்மோ நேர்மையான மனிதர். ஆணி விழுந்த அன்றே மேலிடத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். தமக்குப் பாதம் தட்டை, நடை சராசரிக்கும் குறைவு, குறிப்பில் ஏதோ பிழை நேர்ந்திருக்க வேண்டும் என்று தெளிவாகச் சொன்னார். கடிதத்தைக் கோப்பில் வைத்துத் தைத்தார்கள். அந்த ஆண்டுக் குறிப்பு இன்னும் ஒரு சொல் வளர்ந்தது: "அயராத நடையாளர். அடக்கமானவர்."

இதற்கிடையே ஒர்த்தான்ஸைக் கல்யாணம் செய்துகொண்டார். ஃபுல்க்ரான்தான் அண்ணனிடம் போய்ப் பேசி முடித்தார். இவ்வளவு நடக்கிற பையனுக்கு வேறு கெட்ட பழக்கத்துக்கு நேரம் இருக்காது என்பது அவர் வாதம். ஒர்த்தான்ஸ் மட்டும் உண்மை தெரிந்தவள். வாழ்நாள் முழுவதும் அதை வெளியே விடவில்லை. வீட்டுக்குள் ஒருநாளும் விட்டுவைக்கவுமில்லை.

கேப்டன் ஆனதும் குதிரை வந்தது. காலாட்படையில் நல்லது என்னவென்றால், கொஞ்சம் உயர்ந்துவிட்டால் கால் தேவைப்படாது. அடுத்த முப்பது ஆண்டில் கோர்மோ நடந்த மொத்த தூரம் மாடிப்படிக்கும் குதிரைக்கும் நடுவே இருந்ததுதான். ஆனால் எட்டு ஆண்டு பட்ட வலியை அவர் மறக்கவில்லை. தம் கீழ் இருந்த ஒவ்வொரு சிப்பாய்க்கும் பூட்ஸ் ஒரு அளவு பெரியதாகக் கொடுக்க வைத்தார். காலுக்கு மாட்டுக்கொழுப்பு தடவியாயிற்றா என்று காலையில் தாமே வந்து முகர்ந்து பார்த்தார். ஐம்பது நிமிடம் நடந்தால் பத்து நிமிடம் நிற்க வேண்டும் என்பது எல்லாப் பட்டாளத்துக்கும் உள்ள விதி. அவசரம் என்று சொல்லி எல்லோரும் அதை விழுங்குவார்கள். கோர்மோ கர்னலாகி ஒரு ரெஜிமெண்டுக்குத் தலைவரானபோது அது அங்கே பூசை மணி மாதிரி ஆயிற்று. கர்னல் கடிகாரத்தைப் பார்ப்பார், கையைத் தூக்குவார், ஆயிரத்து அறுநூறு பேர் நின்ற இடத்தில் உட்கார்ந்துவிடுவார்கள்.

"எங்க கர்னல் எப்போ சண்டை போடுவாருன்னு தெரியாது. எப்போ உக்காருவாருன்னு நிமிஷக் கணக்கா சொல்லுவேன்" என்பான் கெர்வெலா. இவன் பதினோரு ஆண்டு அவருக்குப் பணிவிடை செய்த சிப்பாய், மேற்குக் கடலோரப் பிரெத்தோன் நாட்டான், அவருடைய பூட்ஸுக்குப் பொறுப்பானவன்.

இப்படியே ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஒன்பது செப்டம்பர் வந்தது. கர்னலுக்கு ஐம்பத்தொன்பது வயது, ஒன்பது மாதம். கர்னலாக இருப்பவரை அறுபதில் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அதற்குள் ஜெனரலின் இரண்டு நட்சத்திரம் சட்டைக் கையில் ஏறிவிட்டால் இன்னும் இரண்டு ஆண்டு உண்டு. சாகும்வரை ஜெனரல் என்ற பெயரும் உண்டு. அந்த இலையுதிர்காலத்தில் எங்கள் படைப்பிரிவுக்கு ஒரே ஒரு இடம். சிபாரிசு செய்ய வேண்டியவர் புதிதாக வந்திருந்த படைத்தலைவர் ஜெனரல் த மோர்வில்யே. வழக்கமான போர் ஒத்திகைக்கு முந்தின நாள் அவர் கோர்மோவைக் கூப்பிட்டனுப்பினார். மேசை மேல் கோப்பு விரித்துக் கிடந்தது.

"கோர்மோ, முப்பத்தேழு வருஷம். பதினெட்டு மேலதிகாரிங்க. எல்லாரும் ஒரே வார்த்தை எழுதியிருக்காங்க. நம்ம ராணுவத்துல ரெண்டு பேர் ஒத்துப்போய் நான் பார்த்ததில்லை."

"என் ஜெனரல், அதைப் பத்தி நான் ஒரு விஷயம் சொல்லணும்."

"அதுவும் எழுதியிருக்கு. அடக்கம்." ஜெனரல் வரைபடத்தில் ஒரு விரலை ஓட்டினார். "நாளைக்கு உங்க ரெஜிமெண்ட் காட்டைச் சுத்திக்கிட்டுப் போய், பகல் பன்னிரண்டுக்குள்ள சார்மோந்தே கிராமத்தைப் பிடிக்கணும். இருபத்தெட்டரை கிலோமீட்டர். குதிரை வேண்டாம். நீங்களே முன்னால நடந்து போங்க. இந்தக் காலத்துப் பசங்க பார்க்கட்டும்."

ஒத்திகையில் எதிரணியாகச் சார்மோந்தேயைக் காக்க இருந்தவர் ஜெனரல் ரூவ்ரே. வேகத்துக்குப் பேர்போனவர், ஆட்களை நிற்கவே விடாமல் ஓட்டுபவர்.

அன்று வீட்டில் முட்டையும் பன்றிக்கொழுப்பும் போட்ட பணியாரம். கோர்மோ அதைத் தொடவில்லை. அதிலிருந்தே விஷயத்தின் கனம் ஒர்த்தான்ஸுக்குப் புரிந்துவிட்டது.

"இருபத்தெட்டரையா? எனக்காக இருபத்தெட்டு நடந்தீங்க. நட்சத்திரத்துக்காக இன்னொரு அரை கிலோமீட்டர் நடக்க மாட்டீங்களா?"

"அப்போ எனக்கு இருபத்திமூணு வயசு, ஒர்த்தான்ஸ்."

"அப்பவும் வாசல்ல வந்து நின்னதும் மொதல்ல கேட்டது நாற்காலிதான். என்னைக் கேட்டது அப்புறம்."

"நடுவுல விழுந்துட்டேன்னா டிசம்பர்ல கர்னலாவே வீட்டுக்கு வந்துடுவேன்."

"வாங்களேன். நோட்டரி பொண்டாட்டி பக்கத்துல நான் கர்னல் பொண்டாட்டியாவே உக்காந்துக்கறேன். முதுகு கொஞ்சம் கோணும், அவ்வளவுதான்." கொஞ்ச நேரம் கழித்து, கோழி இறகு போட்டுத் தைத்த ஒரு சின்ன மெத்தையை அவர் பூட்ஸுக்குள் அழுத்தினாள். "உக்காரத் தெரிஞ்ச ஆள் நீங்க. தெரிஞ்சதைச் செய்யுங்க."

காலை ஐந்து மணிக்கு ஆயிரத்து அறுநூற்றுப் பன்னிரண்டு பேர் புறப்பட்டார்கள். முன்னால் கர்னல், தரையில். சிப்பாய்கள் அணிவகுப்பில் அவரைக் குதிரை இல்லாமல் பார்த்ததில்லையாதலால் முதல் கிலோமீட்டர் முழுவதும் அவர் உயரத்தைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார்கள். குதிரை பின்னால் வந்தது. அதன் பக்கத்தில் கெர்வெலா, சேணப்பையில் கர்னலின் வீட்டுச் செருப்போடு.

ஐந்து ஐம்பதுக்குக் கை உயர்ந்தது. ஆறு ஐம்பதுக்கு உயர்ந்தது. ஏழு ஐம்பதுக்குக் கையோடு ஒரு முனகலும் வந்தது. எட்டு ஐம்பதுக்கு, சரியாகப் புலோஸ் ஓடையின் கரையில், கர்னல் உட்கார்ந்து இடது பூட்ஸைக் கழற்றினார்.

எந்த நாட்டுக் காலாட்படைக்காரனும் செய்யாத காரியம் இது. நடக்கும்போது பூட்ஸைக் கழற்றினால் கால் வீங்கிவிடும். மறுபடி உள்ளே போகாது. பட்டாளத்தில் சேர்ந்த முதல் வாரமே எல்லோருக்கும் சொல்லிக்கொடுப்பது. கோர்மோவுக்கும் தெரியும். ஆனால் ஆணி அழுதுகொண்டிருந்தது, ஓடை ஓடிக்கொண்டிருந்தது.

"மன்னிச்சுக்க கெர்வெலா. என்னால முடியலை."

"கழட்டுங்க, கர்னல் ஐயா. நம்ம பூட்ஸ் பெருசு. கால் வீங்கினாலும் குடும்பத்தோட உள்ளே போகும்."

கர்னல் இரண்டு காலையும் தண்ணீரில் விட்டார். பின்னால் வந்த கம்பெனி பார்த்தது. கர்னல் செய்வது உத்தரவு. ஐந்து நிமிடத்துக்குள் ஓடைக்கரை நெடுக, ஒரு கிலோமீட்டர் நீளத்துக்கு, பிரெஞ்சுக் குடியரசின் மூவாயிரத்து இருநூற்றுச் சொச்சம் பாதங்கள் நீருக்குள் இருந்தன.

எதிரே மேட்டில் ரூவ்ரேயின் குதிரைப்படை லெப்டினன்ட் ஒருவன் தொலைநோக்கியால் இதைப் பார்த்தான். நம்ப முடியாமல் கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தான். பிறகு பாய்ந்து போய் ரூவ்ரேயிடம் சொன்னான்.

"என் ஜெனரல், கோர்மோ ரெஜிமெண்ட் முடிஞ்சுபோச்சு. மொத்த பேரும் பூட்ஸைக் கழட்டிட்டாங்க."

"மொத்த பேருமா?"

"கர்னலோட சேர்த்து. கால் கழுவிக்கிட்டிருக்காரு."

அனுபவமுள்ள எந்தத் தளபதியும் இதைக் கேட்டு என்ன முடிவுக்கு வருவாரோ அதே முடிவுக்கு ரூவ்ரேயும் வந்தார். நாளைக் காலைவரை அந்தக் கால்கள் பூட்ஸுக்குள் போகப் போவதில்லை. அந்தப் பக்கச் சாலையைக் காத்து நின்ற இரண்டு பட்டாலியனையும் கிளப்பி, சண்டை நடக்கிற மறுபக்கத்துக்கு ஓட்டினார். வழியில் நிற்கக்கூடாது என்றும் சொல்லியனுப்பினார். காலை வெயிலில் அவர்கள் நிற்காமல் போனார்கள். ஐந்தில் ஒருவன் மட்டும் ஓரத்துப் பள்ளத்தில் உட்கார்ந்துகொண்டான்.

சரியாக ஒன்பது மணிக்குக் கோர்மோவின் ஆட்கள் காலைத் துடைத்துக் கொழுப்பைத் தடவிப் பூட்ஸை மாட்டிக்கொண்டு எழுந்து நடந்தார்கள். சாலையில் ஒரு காவலும் இல்லை. ஒன்பது ஐம்பது, பத்து ஐம்பது எல்லாம் முறைப்படி நடந்தது. பதினொன்று ஐம்பதுக்குக் காட்டை விட்டு வெளியே வந்தபோது எதிரே சார்மோந்தேயின் கோயில் கோபுரம். அரை கிலோமீட்டர். கர்னல் கையைத் தூக்கினார்.

இரண்டாவது பட்டாலியனின் மேஜர் ஓடிவந்தார். "கர்னல், கூப்பிடு தூரம். உத்தரவு பன்னிரண்டுக்குள்ள. இப்போ உக்காந்தா ஆறு நிமிஷம் தாமதமாயிடும். உங்க நட்சத்திரம் போயிடும்."

கோர்மோ ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார். இடது கால் அவருடையதாகவே இல்லை. யாரோ கடன் கொடுத்த விறகுக்கட்டை மாதிரி இருந்தது. எழுந்து ஓடலாம் என்று ஒரு கணம் நினைக்கத்தான் செய்தார். திரும்பிப் பார்த்தார். ஆயிரத்து அறுநூறு பேர் உட்கார்ந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள்.

"மேஜர், முப்பது வருஷமா இவங்க கிட்ட ஐம்பது நிமிஷம் கடன் கேட்டு, பத்து நிமிஷம் திருப்பிக் கொடுத்திருக்கேன். கடைசித் தடவையில ஏமாத்தச் சொல்றீங்களா? உக்காருங்க. உங்க காலும் பார்க்க நல்லா இல்லை."

மேஜர் உட்கார்ந்தார். கடிகாரத்தைப் பார்த்தார். பன்னிரண்டு அடித்தது.

பன்னிரண்டு அடித்தால் என்ன நடக்கும் என்பதை எங்கள் நாட்டில் பிறந்த எவருக்கும் சொல்ல வேண்டியதில்லை. சார்மோந்தே எல்லையில் நின்ற காவலர்கள் துப்பாக்கியைச் சுவரில் சாய்த்துவிட்டுச் சூப்புப் பாத்திரத்தை நோக்கிப் போனார்கள். சத்திரத்தில் ரூவ்ரே கழுத்தில் துண்டைச் செருகிக்கொண்டார். ஒத்திகையைப் பார்வையிட வந்திருந்த மோர்வில்யே அவர் எதிரே உட்கார்ந்தார். கோர்மோ பன்னிரண்டு அடிக்க நான்கு நிமிடத்துக்கு முன் வந்திருந்தால் நூறு துப்பாக்கி வரவேற்றிருக்கும். பன்னிரண்டு ஆறுக்கு வந்ததால் ஒரு நாய் மட்டும் குரைத்தது.

கர்னல் நொண்டிக்கொண்டே சத்திரத்துக்குள் போய் ரூவ்ரேக்குச் சல்யூட் வைத்தார்.

"என் ஜெனரல், மன்னிக்கணும். நீங்க என் கைதி."

ரூவ்ரே ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். தெருவெல்லாம் கோர்மோ ஆட்களின் சிவப்புக் கால்சட்டை. "நீங்க பூட்ஸைக் கழட்டிட்டதா சொன்னாங்களே?"

"மறுபடியும் போட்டுக்கிட்டோம், என் ஜெனரல்."

"அது எப்படி முடியும்?"

"பெரிய பூட்ஸ்."

ரூவ்ரே முள்கரண்டியைத் தட்டில் வைத்தார். "சீஸ் வர்ற வரைக்கும் பொறுக்கலாமா?"

"தாராளமா. எனக்கும் ஒரு நாற்காலி கொடுத்தீங்கன்னா."

மோர்வில்யே தலை எண்ணச் சொன்னார். புறப்பட்டவர் ஆயிரத்து அறுநூற்றுப் பன்னிரண்டு. வந்து சேர்ந்தவர் ஆயிரத்து அறுநூற்றுப் பதின்மூன்று. கூடுதலாக இருந்தவன் ரூவ்ரேயின் ஆள். பள்ளத்தில் கிடந்தவன், நிதானமாகப் போகிற ஒரு பட்டாளத்தைக் கண்டதும் மனம் மாறிச் சேர்ந்துகொண்டிருக்கிறான்.

"எவனும் வழியில விழலையா?" மோர்வில்யே கேட்டார்.

கோர்மோ இனி மறைப்பதில்லை என்று முடிவு செய்திருந்தார். தட்டைப் பாதம், ஆலைக்காரர் மகள், கால் ஆணி, இன்றைய ஓடை எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னார். சாட்சிக்காகப் பூட்ஸைக் கழற்றிக் கோழி இறகு மெத்தையையும் வெளியே எடுத்து மேசை மேல், மிராபெல் பழத் தட்டுக்கும் மதுப்புட்டிக்கும் நடுவில் வைத்தார். மோர்வில்யே கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். கோர்மோ அதைத் தம் ராணுவ வாழ்க்கையின் முடிவு என்று எடுத்துக்கொண்டு, பழம் இரண்டு சாப்பிட்டுவிட்டுக் குதிரை ஏறி வீட்டுக்கு வந்து, ஒர்த்தான்ஸிடம் டிசம்பரில் காய்கறித் தோட்டத்துக்கு இடம் பார்க்கலாம் என்றார்.

நவம்பர் கடைசி வாரம் உறை வந்தது. ஒர்த்தான்ஸ் பிரித்துப் படித்தாள். நிதானமாகக் கண்ணாடியைக் கழற்றி மடித்து வைத்தாள்.

"நோட்டரி பொண்டாட்டியைச் சாப்பிடக் கூப்பிடணும், என் ஜெனரல்."

அவ்வளவுதான் சொன்னாள். தையல்காரனிடம் அவளே போனாள்.

ஜெனரல் கோர்மோ இரண்டு ஆண்டு ஒரு படைப்பிரிவை எந்தச் சேதமும் இல்லாமல் காத்து, அறுபத்திரண்டில் வோப்ரெசிக்குத் திரும்பினார். இப்போது சட்டம் மாறியிருக்கிறது. ஒருவர் தம்முடைய கோப்பைத் தாமே கேட்டுப் பார்க்கலாம். ஓய்வு பெறும் அன்று அவர் கேட்டுப் பார்த்தார். நாற்பது ஆண்டுக் காகிதத்தில் கடைசியாக மோர்வில்யேயின் கையெழுத்து இருந்தது: "அயராத நடையாளர். அடக்கமானவர். தம் கால்களைப் பற்றி மிகவும் வேடிக்கையாகப் பேசுவார்."

ஜெனரல் இப்போது தினமும் பத்து மணிக்கு வீட்டிலிருந்து கடைத்தெருக் காப்பிக்கடைக்கு நடக்கிறார். நூற்று நாற்பது அடி. பாதி வழியில் நகராட்சி ஒரு பெஞ்சு போட்டுக் கொடுத்திருக்கிறது. எதிர்வீட்டில் கடிகாரக் கடை வைத்திருக்கிற கெர்வெலா அவர் உட்காருவதைப் பார்த்துத் தன் கடிகாரங்களைச் சரிசெய்துகொள்கிறான். ஞாயிற்றுக்கிழமைகளில் மாவு ஆலைப் பாதையில் இப்போது மோட்டார் வண்டி ஓடுகிறது. போன வாரம் அதில் ஏறும்போது ஒர்த்தான்ஸ் கேட்டாள்.

"அந்தக் காலத்துல இந்த வண்டி ஓடியிருந்தா என்ன ஆயிருக்கும்?"

ஜெனரல் ஜன்னலோர இடத்தில் சாய்ந்து உட்கார்ந்து, பூட்ஸின் கயிற்றைத் தளர்த்திக்கொண்டார்.

"கேப்டனாவே ரிட்டையர் ஆயிருப்பேன்" என்றார். "ஆனா உன் வீட்டுக்குச் சீக்கிரம் வந்திருப்பேன்."